தளர்ந்த கைகளில் விசுவாசம்

இன்பமான நாளில் இறைவனைப் போற்றுவது எளிது. வயல் விளைந்தபோதும், பரீட்சையிற் சித்தியடைந்தபோதும், நோய் நீங்கி எழுந்தபோதும் நன்றியுரைக்க நா தயங்குவதில்லை. வேண்டுதல் கேட்கப்படாமற் போய், வீட்டின் தூண் சரிந்து, நாளை என்னும் சொல்லே பாரமாகிவிட்ட வேளையில் அதே நா என்ன செய்யும்? விசுவாசம் என்பது உள்ளத்தின் உறுதி என்றால், உள்ளம் உறுதியிழக்கும்போது விசுவாசமும் இல்லாமற் போய்விடுகிறதா? கிறிஸ்தவர் மட்டுமன்றி, எந்தச் சமயத்தைச் சார்ந்தோரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

பேராதனை வளாகத்தில், கலைப்பீடத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் ஒரு மாணவன் இவ்வினாவோடு ஓராண்டுக்கு மேலாக வாழ்ந்து வந்தான். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவனது ஊர். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க நெறியில் ஊறிய குடும்பம். தந்தை கமக்காரர். அதிகம் படித்தவரல்லர்; ஆயினும் தவக்காலம் வந்துவிட்டால் ஊர்க் கோவிலில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்போருள் அவரும் ஒருவர். கிறிஸ்துவின் பாடுகளை உரைக்கும் அந்தப் பழந்தமிழ் உரைநடையை அவர் இராகமிழுத்து வாசிக்கையில், கோவிலின் பின்வரிசையிலிருக்கும் கிழவிமாரின் விம்மலும் அதனோடு இழையும். தமிழ் உரைநடையின் ஓசை என்ன என்பதை அம்மகன் பள்ளிக்கூடத்திற் கற்கவில்லை; தந்தையின் தொண்டையிலிருந்தே கற்றான்.

அத்தந்தை ஒருநாள் தோட்டத்தில் மயங்கி வீழ்ந்தார். பதினொரு நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்தார். அந்தப் பதினொரு நாட்களும் மகன் செபித்தான். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தான். வாட்டின் வெளிவிறாந்தையில் முழந்தாளிட்டு நின்றதையும் அவன் வெட்கமாகக் கருதவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை தந்தை இறந்தார்.

அடக்கம் முடிந்து வளாகத்துக்குத் திரும்பியவனிடம் வெளிப்படையான மாற்றம் எதுவும் தெரியவில்லை. விரிவுரைகளுக்குச் சென்றான், நூலகத்தில் அமர்ந்தான், நண்பர்களோடு சிரிக்கவும் செய்தான். செபிக்க மட்டும் முடியவில்லை. ஞாயிறு பூசைக்குச் சில வாரங்கள் போய்ப் பார்த்தான். சுற்றிலும் எல்லாரும் மறுமொழி கூறுகையில் அவனது உதடுகள் மாத்திரம் ஒட்டிக்கிடந்தன. இறைவன் இல்லை என்று அவன் எண்ணவில்லை. இருக்கிறார் என்று சொல்லும் வலுவும் அவனுக்கில்லை. பின்னர் போவதை நிறுத்திக்கொண்டான். மாலைதோறும் தாய் கைத்தொலைபேசியில் அழைப்பாள். ஞாயிறென்றால் முதற் கேள்வி, “பூசைக்குப் போனனியே, ராசா?” என்பதுதான். அவனும் “ஓம் அம்மா” என்பான். செபிக்க இயலாமையைக் காட்டிலும் இந்தச் சிறு பொய்யே அவனை அதிகம் அரித்தது. தன்னிடமிருந்த விசுவாசம் தந்தையோடு புதைக்கப்பட்டுவிட்டது என்றே அவன் முடிவு செய்திருந்தான்.

சோர்வுற்றோர் பலர் இவ்வாறே முடிவு செய்கின்றனர். ஆயின் கிறிஸ்தவ வேதநூல் சோர்வை மறைத்துவைத்த நூலன்று. பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியாவின் கதை இதற்குச் சான்று. கர்மேல் மலையிற் பெருவெற்றி கண்ட எலியா, அடுத்த சில நாட்களில், அரசி ஏசபேலின் மிரட்டலுக்கஞ்சிப் பாலைவனத்துக்கு ஓடுகிறார். அங்கே ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, தமது உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டுகிறார். பின்னர் படுத்து உறங்கிவிடுகிறார். வானதூதர் வந்து அவரைத் தட்டியெழுப்புகிறார். கடிந்துரைப்பதற்கன்று, உண்ணச் சொல்வதற்கு! தணற் கல்லிற் சுட்ட ஓர் அப்பமும் ஒரு குவளை நீரும் அருகில் இருக்கின்றன. எலியா உண்கிறார், மீண்டும் உறங்குகிறார். இரண்டாம் முறையும் தூதர் எழுப்புகிறார். இரண்டாம் முறையும் உணவே கொடுக்கிறார். உபதேசம் எதுவுமில்லை. நாற்பது நாட் பயணத்தின் பின், ஓரேபு மலையிலேதான் இறைவன் அவரோடு பேசுகிறார். அங்கே எலியாவின் முறைப்பாடு, தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக. இறைவனின் விடை, பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இன்னும் இருப்பதாக.

சோர்வின் முதற் பொய் இதுவே. ‘நான் தனியன்’ என்று அது ஒருவனை நம்பவைக்கிறது. அந்த ஏழாயிரம் பேர் யார் என்று வேதநூல் பெயர் சொல்லவில்லை. அவர்களை எலியாவும் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் இருந்தார்கள்.

இக்கதையைச் சில்லாலை மாணவன் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பிற் கேட்டவன்தான். கேட்டது நெஞ்சில் இறங்குவதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. அது ஒரு வரலாற்று ஒப்படையாக வந்தது. ஒல்லாந்தர் காலச் சமயக் கொள்கையும் யாழ்ப்பாண மக்களும் என்பது தலைப்பு. பரீட்சைப் புள்ளிக்காகவே அவன் அதைத் தொடங்கினான்.

1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. புதிய ஆட்சியாளர் புரட்டஸ்தாந்து சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுக்கப்பட்டன. திருமணமும் ஞானஸ்நானமும் அச்சபையிற் பதியப்பட வேண்டும். பதிவில்லையேல் பிள்ளைகளின் உரித்துக்கும் முதுசத்துக்கும் இடர். ஆகவே மக்களிற் பலர் ஒல்லாந்தரின் கோவிலுக்குச் சென்று பெயரைப் பதிந்தனர். வீட்டுக்கு வந்து கதவை அடைத்துச் செபமாலை சொல்லினர். மடுத் திருப்பதியின் மரபுரையும் இக்காலத்தையே சுட்டுகிறது. மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தங்கள் மாதாவின் திருச்சுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் அடைக்கலம் தேடின என்பது அம்மரபு.

குருமார் அகற்றப்பட்டபின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் ஆயனில்லா மந்தையாக வாழ்ந்தனர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, மரிப்போருக்கு அவஸ்தைபூசுதலில்லை. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணஞ்செய்து, குருவானவர் ஒருவரின் முகத்தையே காணாமல் முதுமையடையத் தொடங்கியது. இதை வாசித்தபோது மாணவன் முதலிற் கொண்டது வியப்பன்று, ஐயமே. ஒரு வருடத்தில் வற்றிப்போன தன் விசுவாசத்தை எண்ணிப் பார்த்தவனுக்கு, முப்பது ஆண்டு என்பது நம்பத்தகுந்த கணக்காகத் தோன்றவில்லை.

விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் சைவன், அளவெட்டியைச் சேர்ந்தவன். ஓரிரவு இருவரும் தேநீர் அருந்தியிருக்கையில் இச்செய்தியைக் கேட்ட நண்பன் சிரித்தான். “மச்சான், இது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. பறங்கியின்ரை காலத்திலை எங்கடை ஆக்கள் விரதச் சாப்பாட்டைக் கதவைச் சாத்திப்போட்டுச் சாப்பிட்டவை. சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள்ளை செருகி ஒளிச்சு வைச்சவையாம். உங்கடை ஆக்கள் ஒளிச்ச செபமாலையும் எங்கடை ஆக்கள் ஒளிச்ச வாழையிலையும் ஒண்டுதான்” என்றான்.

நண்பன் சொன்னது யாழ்ப்பாணத்தில் வழங்கும் நன்கறிந்த மரபு. போர்த்துக்கேயர் ஆட்சியிற் சைவக் கோவில்கள் இடிக்கப்பட்டன. அந்த ஆட்சியின் நிழலில் வளர்ந்த கத்தோலிக்க சமயமே அடுத்த ஆட்சியில் வேட்டையாடப்பட்டது. ஆட்சியாளர் மாற, அடிபடுவோரும் மாறினர். ஆனால் இரு காலத்திலும் நம்பிக்கையைக் காத்தது ஒரே வகையான இடமாகவே இருந்தது. அது அடுக்களை. கோபுரம் வீழ்ந்தபோதும், கோவில் பறிபோனபோதும், தாய்மாரின் அடுக்களையை எந்த ஆட்சியாலும் முற்றாகக் கைப்பற்ற முடியவில்லை.

இந்த மறைந்த மக்களைத் தேடித்தான் 1687ஆம் ஆண்டு யோசப் வாஸ் அடிகளார் வந்தார். 1651 ஏப்ரல் 21இல் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தவர் அவர். கொங்கணிப் பிராமணக் குடியிலே தோன்றிய கத்தோலிக்கர். 1676இற் குருப்பட்டம் பெற்றார். இலங்கைக் கத்தோலிக்கரின் ஆதரவற்ற நிலையைக் கேள்வியுற்று, கால்நடையாகத் தென்னிந்தியாவைக் கடந்து, தூத்துக்குடியிற் கப்பலேறினார். உடன் வந்தவர் யுவான் என்னும் பணியாள் ஒருவரே. குருவானவராக வந்தால் கரையிலேயே பிடிபட நேரும். ஆகவே கந்தலுடுத்த கூலியாளாக வந்தார். வரும் வழியில் வயிற்றளைச்சல் பற்றிக்கொண்டது. யாழ்ப்பாணத்திலே தெருவோரம் நினைவிழக்கும் நிலையிற் கிடந்தவருக்கு, இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்து உயிர்ப்பித்தாள் என்று அவரது வரலாறு சொல்லும்.

இவ்விடத்தில் மாணவன் வாசிப்பை நிறுத்தினானாம். விசுவாசம் கொடுக்க வந்தவர் முதலிற் பெற்றது கஞ்சி. கொடுத்தவள் யாரென்று எவருக்கும் தெரியாது. சூரைச் செடியின் கீழ் அப்பம் வைத்த வானதூதருக்கும் பெயரில்லை.

உடல் தேறியபின் அடிகளார் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சையெடுக்கச் சென்றார். பேச்சிற் கேட்பது ஆபத்து. ஆகையால் செபமாலையே அவரது கேள்வியாயிற்று. அதைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது, யாருடைய கை நடுங்குகிறது என்று அவர் கவனித்தார். ஒரு வீட்டார் கண்டுகொண்டனர். பின்னர் இன்னொரு வீட்டார். அவர்கள் வழியாகச் சில்லாலைக்கு வந்தார். பகலில் ஒளிந்திருந்து இரவிற் பூசை செய்தார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். முப்பது ஆண்டுப் பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்துப் பெருந்தொகையானோரைப் பிடித்தனர். அடிகளார் தப்பினார். பிடிபட்ட கத்தோலிக்கரே தண்டனையைச் சுமந்தனர்.

பின்னர் அவர் புத்தளம் வழியாக 1692இற் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்திற் சிறைவைக்கப்பட்டார். சிறையிலிருந்தவாறே சிங்களம் கற்றார். பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது மாசின்மையை உணர்ந்து விடுதலை அளித்தான். ஒல்லாந்தர் தடைசெய்த சமயத்துக்குக் கண்டியரசு நிழல் கொடுத்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இத்தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. 1697இற் கண்டியிலே பெரியம்மை பரவியபோது, உற்றாரும் அஞ்சிக் கைவிட்ட நோயாளரைக் குடிசைகளிற் சேர்த்துப் பணிசெய்தார். இறந்தோரைத் தம் கையாற் புதைத்தார். 1711 ஜனவரி 16இற் கண்டியிலேயே காலமானார். 1995இல் அருளாளராகவும், 2015 ஜனவரி 14இற் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களாற் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

அடிகளாரின் பெருமையைப் பலரும் பேசியுள்ளனர். ஒப்படை எழுதிய மாணவனின் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. அவர் ஓரிடத்திலும் நிலையாகத் தங்க முடியாதவர். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வந்தாலே பெரிது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார். மூப்பர் ஊரவரைச் சேர்த்து வைப்பார். அண்ணாவி செபம் சொல்லிக்கொடுப்பார், ஞாயிறுதோறும் வாசிப்பார், ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பார், இறந்தோரை அடக்கம் செய்விப்பார். இவர்கள் கமக்காரர், கடற்றொழிலாளர், வைத்தியர். குருவானவர் இல்லாத பதினொரு மாதங்களும் கோவில் இவர்கள் குரலிலேதான் வாழ்ந்தது. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றியமைக்கும் இதுவே காரணம் எனலாம். குரு வரமுடியாத இடத்துக்கு நூல் போகும். அண்ணாவி அதை வாசிப்பார். சில்லாலைக் கமக்காரர் ஒருவர் தவக்காலத்தில் இராகமிழுத்து வாசித்த வியாகுலப் பிரசங்கம் அந்தக் கொன்சால்வெஸ் அடிகளாரின் கொடையே.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மாணவனின் பேனா நின்றது. தந்தையின் குரல் வந்த வழியை அவன் அன்றுதான் கண்டான். அக்குரல் அவருடையது மாத்திரமன்று. முந்நூறு ஆண்டுகளாக ஒரு தொண்டை ஓய, மற்றொரு தொண்டை ஏற்று வந்த குரல் அது. அந்த மூப்பரும் அண்ணாவிமாரும் சோர்வே அறியாதவர்களாக இருந்திருக்க முடியுமா? மழை பொய்த்த ஆண்டிலும், பிள்ளையைப் புதைத்த கிழமையிலும், செபம் சொல்ல மனமின்றியே அவர்கள் செபம் சொல்லியிருப்பார்கள். கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கியது 1806இல், பிரித்தானியர் ஆட்சியிலேதான். நூற்றைம்பது ஆண்டுகளையும் எவரேனும் தனியொருவர் உள்ளத்தின் உறுதி தாங்கியிருக்க இயலாது.

அடுத்த ஞாயிறு அவன் பேருந்தேறிக் கண்டிக்குச் சென்றான். பூசைக்கென்று போகவில்லை. யோசப் வாஸ் அடிகளாரின் கல்லறையைக் கண்டு, அங்கே சற்று நிற்கவேண்டும் என்பதே நோக்கம். கோவிலொன்றின் அறைவீட்டில், தமிழ் அறிந்த முதிய குருவானவர் ஒருவரைக் கண்டு விசாரித்தான்.

“கல்லறையோ? அது எங்கே என்று எவருக்கும் தெரியாது, தம்பி. அந்தக் காலத்துக் கோவில் அழிந்துபோயிற்று. எலும்பும் கிடைக்கவில்லை” என்றார் அவர். மாணவனின் முகம் வாடியதைக் கண்டு, “நீர் எந்த ஊர்?” என்று கேட்டார்.

“சில்லாலை, சுவாமி.”

முதியவர் சிரித்தார். “சில்லாலையில் இருந்துகொண்டு அவரைக் கண்டியிலே தேடுவானேன்? அவர் உம்முடைய ஊரிலல்லவா இருக்கிறார்!”

திரும்பும் வழியிற் பேருந்தில் இடமில்லை. நின்றுகொண்டே வந்தவனுக்குக் குருவானவரின் சொல் வேடிக்கையாகத்தான் பட்டது. அன்று மாலை வழமைபோல் தாயின் அழைப்பு வந்தது. வழமையான கேள்வியும் வந்தது. இம்முறை அவனுக்குப் பொய் வரவில்லை.

“இல்லை அம்மா. ஒரு வரியத்துக்கு மேலை நான் போகேல்லை. போனாலும் வாய் வருகுதில்லை.”

மறுமுனையிற் சிறிது நேரம் ஓசையில்லை. கண்ணீரையோ கண்டிப்பையோ அவன் எதிர்பார்த்திருந்தான்.

“சாப்பிட்டனியே?” என்று கேட்டாள் தாய்.

“இன்னும் இல்லை.”

“முதல் போய்ச் சாப்பிடு. பிறகு கதைப்பம்.”

அவன் உண்டு வந்தபின் அவளே மீண்டும் அழைத்தாள். “அப்பா போனாப் பிறகு எனக்கும் வாய் வரேல்லை, ராசா. உனக்குச் சொன்னால் நீ கவலைப்படுவாய் எண்டு சொல்லேல்லை. பக்கத்து வீட்டு மாமி பின்னேரத்திலை வந்திருந்து செபமாலை சொல்லுவா. நான் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பன். ஆறு மாதம் அப்பிடித்தான். பிறகு ஒருநாள் என்னையறியாமல் நானும் மறுமொழி சொல்லிப்போட்டன். இந்தத் தவசுக்கு அப்பாவின்ரை பிரசங்கத்தை மாமியின்ரை மூத்தவன் வாசிச்சவன். இராகம் சரிவரேல்லைத்தான்; ஆனால் வாசிச்சுப்போட்டான். நீ கஷ்டப்பட்டுச் சொல்ல வேண்டாம். உனக்கும் சேர்த்து நான் சொல்லுறன். ஏலுமான நேரம் நீ சொல்லு.”

கைத்தொலைபேசியை வைத்தபின், முதிய குருவானவர் சொன்னது அவனுக்கு விளங்கிற்று. யோசப் வாஸ் அடிகளார் சில்லாலையிற் பக்கத்து வீட்டு மாமியாக இருக்கிறார். இராகம் சரிவராமல் வாசித்த அவளது மூத்த மகனாகவும் இருக்கிறார். எலியா அறியாத ஏழாயிரம் பேரில் இருவர் அவர்கள்.

அன்றிரவே அம்மாணவனின் சோர்வு நீங்கிற்று என்று கூறுவது பொய்யாகும். அவனது உதடுகள் அதன் பின்னும் நெடுநாள் ஒட்டியேயிருந்தன. ஆனால் ஞாயிறுகளில் மீண்டும் கோவிலுக்குப் போகத் தொடங்கினான். பின்வரிசையில் அமர்ந்து, மற்றோர் செபிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். தந்தையின் மரணத்துக்கு விடை கிடைத்துவிடவில்லை. அந்தப் பதினொரு நாட்செபம் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு வியாகுலப் பிரசங்கத்திலும் விடையில்லை. அதில் உள்ளது மகனை இழந்த ஒரு தாயின் அழுகை. சிலுவையில் தொங்கிய இயேசுவே, தாம் ஏன் கைவிடப்பட்டார் என்று வினவியதாக நற்செய்தி கூறுகிறது. அந்த வினாவைத் தன் வழிபாட்டின் நடுவிலேயே வைத்திருக்கும் சமயத்தில், வினாவோடு வருபவனுக்கும் ஒரு வாங்கில் இடமிருக்கவே வேண்டும்.

கல்கத்தாவின் அன்னை தெரேசாவின் கடிதங்கள் அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. பல்லாண்டுகளாகத் தம் உள்ளத்தில் இறைவனின் அண்மையை உணராத இருளிலேயே அவர் வாழ்ந்தார் என்பதை அக்கடிதங்கள் காட்டின. அவ்விருளோடுதான் அவர் விடியலில் எழுந்து செபித்தார். தெருவிற் கிடந்தோரைத் தூக்கினார். உணர்வு வற்றிப்போதல் விசுவாசம் இறந்துபோதல் அன்று என்பதற்கு அண்மைக்காலச் சாட்சி இது.

இலங்கையிலும் இவ்வினா பழைய வரலாறாக முடிந்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தோர் குண்டுகளுக்கு இரையாயினர். மட்டக்களப்பிலே பலியானோரிற் சிறுபிள்ளைகள் பலர். அடுத்து வந்த ஞாயிறுகளிற் கத்தோலிக்கக் கோவில்களிற் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. மக்கள் வீட்டுக்குள் இருந்து, தொலைக்காட்சியில் பூசை கண்டனர். முந்நூற்றறுபது ஆண்டுகளின் பின் மீண்டும் அடைத்த கதவுக்குள் செபம். பிள்ளையை இழந்த தாய்க்கு அந்நாட்களில் வாய் வந்திருக்குமா? வந்திராது. அவளருகில் யாரோ ஒரு மாமி வந்து அமர்ந்திருப்பாள் என்று நம்புவதே ஆறுதல்.

விசுவாசம் தளராத நெஞ்சின் சொத்து என்று கருதுவோர், தளர்ந்தவுடன் தம்மை வறியவரெனத் தள்ளிக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. விசுவாசம் தனியொருவன் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் பொருளாக இருந்திருப்பின், அது ஒல்லாந்தர் காலத்திலேயே ஒழிந்திருக்கும். அது கைமாறி வருவது. ஒருவர் கை தளரும் வேளையில் மற்றொருவர் கை அதைத் தாங்குகிறது. தாங்கியவர் தளரும் நாளில், முன்பு தளர்ந்தவர் தாங்குவார். ஆகவே சோர்ந்தவனிடம் கேட்கப்படுவது பெரிதன்று. ‘இயலவில்லை’ என்பதை மறைக்காமல் ஒருவரிடம் சொல்வதும், கொடுத்த கஞ்சியைக் குடிப்பதும், செபிப்போர் நடுவில் வாய்மூடியேனும் இருப்பதுமே அவன் செய்யவேண்டியவை. சோராதவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பூசைக்குப் போனாயா என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும்.

அடுத்த தவக்கால விடுமுறைக்கு அம்மாணவன் சில்லாலைக்குச் சென்றான். வியாகுலப் பிரசங்கம் வாசிக்க ஆள் குறைவு என்று மூப்பர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஒரு பகுதியை வாசித்தான். பாதியிற் குரல் தழுதழுத்து நின்றது. மாமியின் மூத்த மகன் அருகில் வந்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தான். சிறிது நேரத்தின் பின் இருவரும் சேர்ந்து வாசித்தனர். அவர்களுக்கும் இராகம் சரிவரவில்லை. பின்வரிசையிலிருந்த கிழவிமார் வழமைபோல் விம்மினர்.